மாமன் மகனா, அண்ணனா

அரசு வேலைத் தேர்வுக்காக எங்கள் மலையில் செம்மேட்டில் ஒரு பள்ளிக்கூட அறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் இலவசமாகப் பாடம் நடந்தது. நடத்தியவர் கீழ்நாட்டிலிருந்து மாற்றலாகி மலைக்கு வந்திருந்த ஒரு பெண் அதிகாரி. காலையில் சர்ச்சுக்குப் போய்விட்டு நேரே வகுப்புக்கு வருவார். எனக்கு வட்டிக் கணக்கு வந்தது, ரயில் கணக்குகூட வந்தது. உறவுமுறைக் கணக்குதான் கடைசிவரை வரவில்லை.

ஆணுக்குக் கூட்டல் குறி, பெண்ணுக்குக் கழித்தல் குறி, கணவன் மனைவிக்கு நடுவில் இரட்டைக் கோடு, பிள்ளைகளுக்குக் கீழே ஒரு கோடு என்று மேடம் கரும்பலகையில் போட்டுக் காட்டுவார். பார்க்கும்போது புரியும். நானாகப் போட்டால் மருமகள் மாமியாராகிவிடுவாள்.

ஒருநாள் மேடம் ஒரு கேள்வியை வாசித்தார். ஒரு பெண் ஓர் ஆணைக் காட்டி, ‘என் தாயின் தந்தைக்கு ஒரே மகன், அந்த மகனுக்கு இவர் ஒரே மகன்’ என்கிறாள். அவர் அவளுக்கு என்ன உறவு? தந்தை, கணவர், மாமா, ஒன்றுவிட்ட சகோதரர் என்று நான்கு விடைகள். கடைசி விடைதான் சரி என்றார் மேடம்.

பின் பெஞ்சிலிருந்து ஒருவர் எழுந்தார். “மேடம், அது மாமன் மகனுங்க. மாமன் மகன் எப்படீங்க சகோதரன் ஆவான்? அவனைக் கட்டிக்கலாமே. கணவர்னு போட்டாலும் சரியாத்தானுங்க வரும்?”

வகுப்பே சிரித்தது. மேடமும் சிரித்துவிட்டு, “சொந்தக் குடும்பத்தை மறந்துட்டுக் கணக்கைப் போடுங்க” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானும் ‘கணவர்’ என்றுதான் குறித்திருந்தேன்.

அன்று பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவரிடம் அதைச் சொன்னேன். “அப்ப தப்புப் போட்டது நாம ரெண்டு பேருதானுங்களா?” என்று கேட்டார். அப்படித்தான் பேச்சு தொடங்கியது. எங்கள் மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு; அவர் ஊர் வேறு நாடு. எங்கள் திருப்புலி நாட்டிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். சில மாதங்கள் கழித்து, வீட்டில் சொல்லிப் பெண் கேட்டு வரட்டுமா என்று கேட்டார். வரச் சொன்னேன்.

அவருடைய அப்பாவின் பெயரையும் ஊரையும் சொன்னதும் அம்மாவுக்கு முகமெல்லாம் பல்லாகிவிட்டது. “அட, என் தம்பி மகனா!” என்றாள். அம்மாவைப் பெற்ற எங்கள் அப்புச்சிக்கு ஒரே தம்பி. அந்தத் தம்பியின் மகன்தான் அவருடைய அப்பா. ஆக அவருடைய அப்பா அம்மாவுக்குத் தம்பி, எனக்கு மாமன். வந்திருப்பது மாமன் மகன். இதைவிடப் பொருத்தமான முறை உண்டா என்று அம்மா அன்றைக்கே சந்தோஷத்தில் இரண்டு படி அரிசி ஊறப்போட்டாள்.

சாயங்காலம் அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வந்தார். தோட்டம் இருவருக்கும் ஒன்றுதான், வீடு மட்டும் தனி. விஷயத்தைக் கேட்டவர் நின்றபடியே சொன்னார்: “அந்தப் பையன் இவளுக்கு அண்ணன் முறையாச்சே. எப்படிக் கட்டறது?”

பெரியப்பா சொன்னது இதுதான். அவருக்கும் அப்பாவுக்கும் ஒரு சின்னம்மா இருந்தாள், பெற்ற தாயின் கூடப்பிறந்த தங்கை. அவளைத்தான் அப்புச்சியின் தம்பிக்குக் கொடுத்திருந்தார்கள். ஒரு பையனைப் பெற்றுவிட்டு, அவன் தவழும்போதே அவள் செத்துப்போனாள். அப்புச்சியின் தம்பி வேறு பெண்ணைக் கட்டிக்கொண்டார், இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தும் நின்றுபோனது. அந்தப் பையன்தான் இப்போது பெண் கேட்டு வருகிறவரின் அப்பா. அக்கா தங்கை பிள்ளைகள் அண்ணன் தம்பிகள். ஆக அந்தப் பையன் அப்பாவுக்குத் தம்பி, எனக்குச் சித்தப்பா. சித்தப்பா மகன் அண்ணன்தானே?

அம்மா அப்பாவைப் பார்த்தாள். அப்பா, “சின்னம்மா சாவறப்ப நான் சின்னப் பையனுங்க. எனக்கென்ன தெரியும்?” என்று எழுந்து போய்விட்டார்.

ஒரே மனிதர் எனக்கு மாமனாகவும் சித்தப்பாவாகவும் இருந்தார். அம்மா வழியாகப் போனால் கட்டிக்கொள்ளலாம், அப்பா வழியாகப் போனால் நினைப்பதே தவறு. அவரை நினைத்தால் முன்பெல்லாம் வந்த சந்தோஷம் இப்போது பாதியில் நின்று, ‘அண்ணனோ’ என்று கேட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வாரமே தேர்வு. மையம் மலைக்குக் கீழே. விடியற்காலைப் பஸ்ஸில் அவர் எனக்கு இடம் போட்டு வைத்திருந்தார். பெரியப்பா சொன்னதைச் சொன்னேன். உடனே அவர் ஹால் டிக்கெட் வைத்திருந்த கவரை மடியில் வைத்து, அதன் மேலேயே மேடம் சொன்னபடி குறிகளைப் போட ஆரம்பித்தார். ஒவ்வொரு வளைவிலும் பேனா இழுத்துக்கொண்டு போனது. ஒரு திருப்பத்தில் எங்கள் அப்புச்சிக்கும் அவருடைய பாட்டிக்கும் நடுவே இரட்டைக் கோடு விழுந்து, அதை அடிக்க வேண்டியதாயிற்று.

“ஏனுங்க, செத்துப்போன எங்க பாட்டி உங்க அம்மாவுக்கு என்ன வேணும்?” என்று கேட்டார்.

“சித்தப்பா சம்சாரம். சின்னம்மா.”

“அந்தப் பாட்டியோட அக்கா?”

“பெரியம்மா.”

“அந்தப் பெரியம்மா மகன்?”

“அண்ணன்” என்றேன். சொல்லிவிட்டுத்தான் யோசித்தேன். அந்தப் பெரியம்மா அப்பாவைப் பெற்றவள். அவள் மகன் என் அப்பா.

அவர் பேனாவை மூடினார். “நம்ம முறை இடிக்கலீங்க. உங்க அப்பா அம்மா முறைதான் இடிக்குது. அது இடிக்கறதாலதான் நமக்கு ரெண்டு பதில் வருது.”

மலையடிவாரத்துக் காரவள்ளியில் பஸ் நின்றது. அவர் மடியிலிருந்த கவரை வாங்கிக் குறிகளைத் திரும்ப எண்ணினேன். இத்தனை வருஷமாக ஒரே வீட்டில் சண்டை போட்டு, சமாதானமாகி, என்னைப் பெற்று வளர்த்த இருவரும் அண்ணன் தங்கையா? அப்படியானால் நான் யார்?

தேர்வில் ஓர் உறவுமுறைக் கேள்வி வந்தது. கூட்டல் குறியைப் போட்டதும் அது அப்பாவாகவும், கழித்தல் குறியைப் போட்டதும் அது அம்மாவாகவும் தெரிந்தது. நடுவில் இரட்டைக் கோடு போடக் கை வரவில்லை. எதையோ கறுப்பாக்கிவிட்டு அடுத்த பக்கம் திருப்பினேன்.

மறுநாள் அம்மா வாசலில் மிளகைக் காயப்போட்டுக் கையால் பரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்: “அம்மா, நீயும் அப்பாவும் என்ன முறை?”

“புருசன் பொண்டாட்டி முறை” என்றாள்.

“கலியாணத்துக்கு முன்னாடி?”

அவள் கை நின்றது. பஸ்ஸில் பேசியதை அப்படியே சொன்னேன். நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பெரியப்பா நடவுக்கு வெட்டிய குச்சிக்கிழங்குக் குச்சிக் கட்டோடு படலைத் திறந்து உள்ளே வந்துவிட்டார். கட்டைக் கீழே போட்டார்.

“இதை உங்க கலியாணத்தப்பவே நான் சொன்னேன். எங்கய்யனே காதுல வாங்கலை. சின்னம்மாதான் செத்துட்டாளே, அந்த உறவு அத்தோட போச்சுன்னுட்டாங்க” என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. தம்பி பெண்டாட்டியை எங்கள் பக்கம் யாரும் தங்கச்சி என்று கூப்பிடுவதில்லை. பெரியப்பா மட்டும் அம்மாவை அப்படித்தான் கூப்பிடுவார். அம்மா அவரை மாமா என்பாள். இவள் மாமா என்க, அவர் தங்கச்சி என்க, இத்தனை வருஷம் இருவரும் இரண்டு வேறு கணக்கில் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாங்கள் அதைப் பிரியம் என்று நினைத்திருந்தோம்.

அம்மா எழுந்து நின்றாள். “அப்ப எங்க கலியாணம் தப்புங்களா மாமா?”

“தப்புன்னு நான் சொல்லுவனா? கணக்கு இடிக்குதுன்னேன்.”

“புள்ளையப் பெத்துப் படிக்கவும் வெச்சாச்சு. இனிமே எந்தக் கணக்கை அழிக்கறதுங்க?”

“அழிக்க வேண்டாம் தங்கச்சி.” பெரியப்பா கட்டின் மேலேயே உட்கார்ந்தார். “எங்க சின்னம்மா பேரைச் சொல்ல இந்த ஊர்ல ஆளில்லை. நானும் விட்டுட்டா அவ பொறந்ததே இல்லைன்னு ஆயிரும். அதுதான் எனக்கு.”

சின்னம்மா செத்த அன்று, தவழ்ந்துகொண்டிருந்த அந்தப் பையனை இடுப்பில் வைத்திருந்தது தான்தான் என்று அவரே பிறகு சொன்னார்.

“பொண்ணு கேட்டு வாரவன் உனக்குத் தம்பி மகன். எனக்கும் தம்பி மகன். உன் கணக்குப்படி பொண்ணைக் குடு. ஆனா நான் பொண்ணு ஊட்டுப் பக்கம் உக்கார மாட்டேன். எங்க சின்னம்மா பேரனுக்குப் பெரியப்பனா, மாப்பிள்ளை ஊட்டோட வாரேன்.”

அம்மா சம்மதித்தாளா, குழம்பினாளா என்று அவள் முகத்தைப் பார்த்து எனக்குத் தெரியவில்லை. “காப்பி குடிச்சிட்டுப் போங்க மாமா” என்று மட்டும் சொன்னாள்.

அந்தத் தேர்வில் நாங்கள் இருவருமே தேறவில்லை. மிளகுப் பறிப்பு முழுதும் முடிந்த பிறகு கல்யாணம் வைத்தார்கள். முதல் நாளே பெரியப்பா வேட்டி சட்டையைப் பையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் ஊருக்குப் போய்விட்டார். மறுநாள் மாப்பிள்ளை வீட்டு வேன் வந்து நின்றபோது முதல் ஆளாக இறங்கினார். வேலியைத் தாண்டினால் வந்துவிடும் மனிதர் வேனிலிருந்து இறங்க, அவரை எப்படி வரவேற்பது என்று தெரியாமல் அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்றாள்.

“வாங்கன்னு சொல்லு தங்கச்சி. நான் மாப்பிள்ளை ஊட்டுக்காரன்” என்றார்.

“வாங்க” என்றாள் அம்மா. மாமா என்று சேர்த்துச் சொல்வதா வேண்டாமா என்று தடுமாறி அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டாள்.

தாலி கட்டி முடிந்து பெரியவர்கள் காலில் விழுந்து எழுந்து வந்தோம். பெரியப்பா முன்னால் வந்ததும் நான் “பெரியப்பா” என்று குனிந்தேன். அதே நேரம் என் பக்கத்தில் அவரும் “பெரியப்பா” என்று குனிந்தார். பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவரையே பெரியப்பா என்று கூப்பிட்டது காதில் விழுந்ததும் சுற்றி நின்ற பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. பெரியப்பா இரண்டு பேர் தலையிலும் கை வைத்தார். “ரெண்டு பேரும் சரியாத்தான் கூப்பிட்டிருக்கீங்க, எந்திரிங்க சாமி” என்றார்.