நூறு குருவி வெடி, ஒன்பது புஸ்

ஜூலை 12, ஞாயிற்றுக்கிழமை, காலை 10.40. விருதுநகர். வானத்தில் பெயருக்குக்கூட மேகமில்லை. கிளம்பும்போது வீட்டுத் தெர்மாமீட்டரில் 37 டிகிரி. வகுப்பறையில் நான்கு ஃபேன்கள், சுற்றியது மூன்று. அந்த வெக்கையில், அறுபத்தெட்டு வயதில், முதல்முறையாக என்னை ஒருவர் பொய்க்கணக்கு எழுதியவன் என்றார்.

அவர் சொன்னது சரி. அதுதான் விஷயம்.

நான் தொலைநிலைக் கல்வியில் புள்ளியியல் சேர்ந்திருக்கிறேன். ஏன் சேர்ந்தேன்? ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் முப்பத்தொரு வருடம் செக்கிங் சூப்பர்வைசர். ஆயிரம் வெடிக்கு இத்தனை நமுத்துப் போகலாம் என்று அங்கே சுவரில் ஒரு கணக்கு ஒட்டியிருக்கும். யார் போட்டது, எப்படிப் போட்டது? கேட்டால் ஒருவரும் சொன்னதில்லை. ரிட்டயர் ஆகியும் சந்தேகம் ரிட்டயர் ஆகவில்லை.

முதல் பருவத்திலேயே நிகழ்தகவு. அசைன்மென்ட் இதுதான்: இரண்டே விடை வரக்கூடிய ஒரு சோதனையை நூறு முறை செய்து, வந்த வரிசையிலேயே எழுத வேண்டும். இருபத்தைந்து மதிப்பெண். பத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத விடமாட்டார்கள். ஒரு வருடம் போய்விடும். என் வயதில் ஒரு வருடத்தைச் சும்மா விட முடியுமா?

மற்ற பதின்மூன்று பேரும் நாணயம் சுண்டினார்கள். சுண்டினார்களா? நோட்டுகளை எட்டிப் பார்த்தேன். ஏழு பேருக்குச் சரியாக ஐம்பது பூ, ஐம்பது தலை. ஒரே டீக்கடையில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள்... எனக்குத் தெரியாதா?

நான் குருவி வெடி வாங்கினேன். பாக்கெட்டுக்கு ஐந்து, இருபது பாக்கெட். வீட்டுக்குப் பின்னால் காலி மனையில் ஊதுபத்தியோடு நின்று ஒவ்வொன்றாக வைத்தேன். வெடித்தால் 1, நமுத்தால் 0. பக்கத்து வீட்டு மிளகாய் வற்றல் வியாபாரி பாய் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"என்ன விசேசம் அண்ணாச்சி? ஒரே சரமா வச்சுட்டா நாங்களும் மத்தியானம் கொஞ்சம் கண்ணசருவோம்ல?"

அடுத்ததை வைத்தேன். வாயைத் திறந்தால் எண்ணிக்கை தவறிவிடும்.

மொத்தம் ஒன்பது புஸ். ஆனால் அதில் ஆறு தொடர்ந்து வந்தவை — ஒன்பதாவது பாக்கெட் முழுவதும், பத்தாவதில் முதல் வெடியும். கடைக்காரர் பழைய சரக்கைத் தள்ளிவிட்டாரோ? அது ஒரு பக்கம். வரிசையாக ஆறு சைபர் எழுதினால் வகுப்பெடுக்கும் மேடம் நம்புவார்களா? டீக்கடையில் எழுதியது என்று நினைக்கமாட்டார்களா?

கை தானாகவே பழைய வேலையைச் செய்தது. கம்பெனியில் ஒரு பெட்டியைச் சோதிக்கும்போது நமுத்தது சேர்ந்தாற்போல் வந்தால், அந்த லாட்டைப் பிரித்து நல்ல பெட்டிகளில் கலந்துவிடுவோம். ஒரே வீட்டுக்கு ஆறு புஸ் போனால் சண்டை வரும். ஆறு வீட்டுக்கு ஒவ்வொன்றாகப் போனால் ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். அதே மாதிரி ஒன்பது சைபரையும் நூறு கட்டத்தில் பரத்திவிட்டேன். எண்ணிக்கையில் கை வைக்கவில்லை. ஒன்பது ஒன்பதுதான்.

ஜெசிந்தா மேடத்துக்கு முப்பது வயதிருக்கும். என் நோட்டில் ஒரு சைபரிலிருந்து அடுத்த சைபர் எத்தனையாவது கட்டத்தில் என்று பென்சில் முனையால் தட்டித் தட்டி எண்ணினார்கள்.

"பதினொண்ணு, பன்னெண்டு, பதினொண்ணு... ஐயா, இந்த வெடியெல்லாம் கலந்து பேசிட்டா நமுத்துச்சு?"

வகுப்பு சிரித்தது. டீக்கடை ஏழும் சேர்ந்துதான்.

"எங்கம்மா அச்சங்குளத்துல பதினாறு வருசமா வெடி சுத்துறாக. மூட்டத்துல காயப் போட்டா அம்புட்டும் சேர்ந்துதான் நமுக்கும். ஒண்ணு நமுத்தா அடுத்ததும் நமுக்க வாய்ப்பு கூட. அதத்தான போன வாரம் நடத்துனேன்?"

நடத்தினார்கள். சார்பற்ற நிகழ்ச்சிகள், சார்ந்த நிகழ்ச்சிகள். நான் பன்னிரண்டு பக்கம் குறிப்பெடுத்திருக்கிறேன்.

நான் எதையும் கிழித்துப் போடுகிறவனில்லை. முதலில் எழுதிய தாள் பையில் இருந்தது, எடுத்து நீட்டினேன். மேடம் தாளைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"இதையும் நேத்து ராத்திரி எழுதலைன்னு நான் எப்படி நம்புறது?"

முப்பத்தொரு வருடம் நான் மற்றவர்களிடம் கேட்ட கேள்வி. எதிர்ப்பக்கம் நின்று கேட்டால் காது சுடுகிறது.

டீக்கடை ஏழுக்கும் அதே தீர்ப்புதான்: அடுத்த ஞாயிறு, மேடம் கண் முன்னால், மறுபடியும். அவர்கள் வகுப்பிலேயே சுண்டினார்கள். நான் கல்லூரிக்குப் பின்னால் உள்ள பொட்டலில் நின்றேன். கடையை மாற்றி வாங்கியிருந்தேன். மேடம் குடை பிடித்துக்கொண்டு நோட்டில் குறித்தார்கள். முப்பது போதும் என்றார்கள். நூறு என்றால் நூறுதான் என்றேன்.

நூறும் வெடித்தது. ஒன்றுகூட நமுக்கவில்லை. முப்பத்தொரு வருடத்தில் நான் பார்க்காதது! வீட்டில் தனியாக வைத்துப் பார்த்திருந்தால் நானே நம்பியிருக்கமாட்டேன்.

நோட்டில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே மேடம் கேட்டார்கள். "நடுவுல ரெண்டு புஸ் சேக்கணும்னு தோணுதா ஐயா?"

தோன்றியது. ஊதுபத்தியை மண்ணில் குத்தி அணைத்தேன். இருபத்தைந்துக்குப் பதினெட்டு கிடைத்தது, தேர்வு எழுதலாம்.

குருவி வெடி நாற்பது பாக்கெட், ஊதுபத்தி இரண்டு, புது ரெக்கார்டு நோட்டு ஒன்று: 445 ரூபாய்.