டீக்கடை எதிரே விரித்த பாய்

வேனில் ஏறுமுன் சூடாமணி அக்கா ஒவ்வொரு டயரையும் காலால் தட்டிப் பார்ப்பார். ஏழு வருஷமாக எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து பார்க்கிறேன். மந்தைவெளியிலிருந்து பாய்களையும் டம்பெல்களையும் ஏற்றிக்கொண்டு, திருப்போரூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களுக்கு உடற்பயிற்சி சொல்லித்தருகிறார்.

ஆரம்பத்தில் ஒரு மாதம், டீக்கடை எதிரே பாய் விரித்துக் காத்திருந்தார். யாரும் படுத்துச் செய்ய வரவில்லை. வேனை விற்றுவிடுவதென்று முடிவு செய்த அன்று நானும் கூடப் போயிருந்தேன். வேடிக்கை பார்த்த ஒருத்தி சிரித்தாள்.

"ஏம்மா, இத்தினி ஆம்பளைங்க எதிர்ல மல்லாக்கப் படுக்கச் சொல்றியே, நீ படுப்பியா?"

அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டார். மறுவாரமே சத்துணவுக் கூடத்தைக் கேட்டு வாங்கி, கதவைச் சாத்தினார். உள்ளே இருபது பெண்கள் இருந்தார்கள். எனக்கே அப்பாடா என்றிருந்தது.

இப்போது அக்கா வாரம் நாலு ஊருக்குப் போய்வருகிறார்.