வராது கண்ணு

நசீமா டாக்டர் தவறிவிட்டார்... இன்று காலை ரிவ்யூவுக்குப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

நான் வாயால் சொல்லச் சொல்ல போனே எழுதிக்கொள்கிறது, அப்படித்தான் இதைப் போடுகிறேன். எழுத்துப்பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள், என்னைத் திட்டாதீர்கள்.

மங்கலம் ரோட்டில் நான் வேலை செய்த பனியன் கம்பெனிக்குக் கண் கேம்ப் போட வந்தவர். டாக்டர்களுக்குப் பாடம் நடத்துகிற ஒரு கண் ஆஸ்பத்திரி அவருடையது. பின்னாலேயே வெள்ளைக் கோட்டில் ஸ்டூடண்ட்ஸ்.

நாங்கள் செக்கிங் செக்‌ஷன். துணியில் ஓட்டை, கறை பார்த்து ஒதுக்குகிற வேலை. கண் சரியில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடுமே என்று பயம்... முதலில் போனவள் போர்டில் இருந்த எழுத்துகளை வந்து சொல்ல, வரிசையில் நின்றபடியே எல்லோரும் மனப்பாடம் செய்துவிட்டோம்.

நாலைந்து பேர் ஒப்பித்ததும் டாக்டர் சிரித்துவிட்டார். "ஏனுங்க, எல்லாரும் ஒரே பாட்டைப் பாடறீங்க? இப்பக் கடைசில இருந்து சொல்லுங்க பாக்கலாம்!"

எனக்குக் கடைசியிலிருந்தும் படிக்க வந்தது. பாஸ் என்று எழுந்தவள், பக்கத்தில் கிடந்த ஸ்டூலில் மோதிக்கொண்டேன். அதை அவர் பார்த்துவிட்டார்.

"இப்படி வந்து உக்காரு கண்ணு."

கண்ணில் பிரஷராம். வலியே தெரியாமல், ஓரத்திலிருந்து பார்வையைத் தின்றுகொண்டே வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வைத்துக் கேட்டேன். "போன பார்வை திரும்ப வருமுங்களா?"

"வராது கண்ணு. மிச்சம் இருக்கறதத்தான் புடிச்சு வெக்கப் பாக்கலாம். அதுக்கும் நா சத்தியம் பண்ண முடியாது."

அப்படியொரு கோபம் எனக்கு. பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். ஆறுதலுக்காவது ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் என்னவாம்?

போகும்போதெல்லாம் ஸ்டூடண்ட்ஸைக் கூப்பிட்டு என் கண்ணைக் காட்டுவார். "இவங்க நரம்பை நல்லாப் பாத்து வெச்சுக்கங்க. அடுத்து வர்றவங்களுக்காச்சும் நேரத்துல கண்டுபுடிப்பீங்க."

ஒவ்வொருவராக லைட் அடிப்பார்கள். கண்ணில் நீர் வழியும். டாக்டர்தான் துடைத்துவிடுவார்.

சொட்டு மருந்து, ஆபரேஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. இப்போது எனக்கு வெளிச்சமும் நிழலும் மட்டும்தான்... செக்கிங் வேலை எப்போதோ போய்விட்டது.

இன்று அவருடைய நாற்காலியில், அன்று கேம்ப்புக்கு ஸ்டூடண்டாக வந்த ஒரு தம்பி. மேடம் தவறிவிட்டார், அவருடைய கண்களைத் தானம் செய்துவிட்டார்கள் என்று தம்பிதான் சொன்னார்.

என் வீட்டுக்காரர் சட்டென்று கேட்டுவிட்டார். "அந்தக் கண்ணை இவளுக்கு வெக்க முடியாதுங்களா சார்?"

முடியாது என்று எனக்குத் தெரியும். கருவிழியை மட்டும்தான் மாற்றி வைப்பார்கள், எனக்குச் செத்துப்போனது நரம்பு. மேடம் என்றைக்கோ சொல்லிவிட்டார்.

தம்பிக்குத்தான் அதைச் சொல்ல வாய் வரவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாக்கலாமுங்கக்கா... எல்லாஞ் சரியாயிருமுங்க" என்றார்.

நீங்கள் ஒருநாளும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை மேடம்.

ஸலாம். போய் வாருங்கள்...