பாத்ரூம் டோக்கனும் என் ஸ்பான்சரும்

"அம்மிணி, டோக்கன் செவப்பு இல்லீங்க. நீலமுங்க. அதைய மட்டும் கொஞ்சம் மாத்தீருங்க."

போன வாரம் காலையில் டீயை வாயில் வைத்த நேரத்தில் வந்த போன் இது. பேசியவர் என் பிளாக்கின் ஸ்பான்சர். பல்லடம் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருப்பவர். பெயர் வேண்டாம். அவர் தப்பித்துக்கொள்ளட்டும் என்பதற்காக அல்ல. இதைப் படிக்கிற மற்ற முதலாளிகள் ‘அப்பாடா, நம்மைச் சொல்லவில்லை’ என்று நிம்மதியாகத் தூங்கிவிடக் கூடாது என்பதற்காக.

இந்த வாரம் கொஞ்சம் கோபமாகத்தான் எழுதப் போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பிளாக் கதை. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் – நான் பல வருடங்கள் மெர்ச்சண்டைசராக இருந்தவள். துணி வாங்குகிற வெளிநாட்டு பையருக்கும் உள்ளூர் கம்பெனிக்கும் நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற உத்தியோகம். அதை விட்ட பிறகு இந்த பிளாக்கை ஆரம்பித்தேன். திருப்பூரில் பிழைக்கிறவர்களுக்குத் தேவையான சங்கதிகள் எல்லாம் அதில் இருக்கும். எந்தப் பக்கம் வாடகைக்கு வீடு கிடைக்கும், அட்வான்ஸைத் திருப்பித் தராத ஹவுஸ் ஓனரிடம் எப்படிப் பேசுவது, எந்த ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், தண்ணீர் என்றைக்கு வரும்... சப்ஸ்கிரைப் செய்தால் வாட்ஸ்அப்பில் வந்துவிடும். டீ பிரேக்கில் படித்து முடிக்கிற அளவுக்குத்தான் எழுதுவேன். அதற்கு மேல் நீட்டினால் பெல் அடித்துவிடும்.

யார் படிக்கிறார்கள்? டெய்லர்கள், செக்கிங் பெண்கள், அயர்ன் மாஸ்டர்கள், பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் பையோடு நிற்பவர்கள். ரொம்பக் கறாரான வாசகர்கள். தண்ணீர் வரும் நாளைத் தப்பாகப் போட்டால் அன்றைக்கே அன்சப்ஸ்கிரைப் செய்துவிட்டுப் போய்விடுவார்கள். என் நடையழகுக்காக யாரும் தங்குவதில்லை.

விளம்பரம் விற்பது அதைவிடக் கொடுமை. பிளாக்கின் உச்சியில் ஒரே ஒரு இடம். அதை விற்கத்தான் கடை கடையாக ஏறி இறங்குகிறேன். அனுப்பர்பாளையத்தில் ஒரு பாத்திரக் கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரீங்க, இது எந்தச் செவுத்துல வருமுங்க?" என்றார். செல்போனில் வரும் என்று எடுத்துக் காட்டினேன். "அப்ப ரோட்டுல போறவீங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று வருத்தமாகக் கேட்டவர், காபி வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார். நல்ல மனிதர்!

இப்படி அலைந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்பான்சர் அவராகவே போன் செய்தார். "எங்க ஆளுக எல்லாம் உங்களுதத்தானுங்க படிக்கறாங்க" என்று உச்சி இடத்தை எடுத்துக்கொண்டார். ‘டெய்லர்கள் தேவை. வேன் வசதி உண்டு’ என்று விளம்பரம். பேச்சில் அப்படி ஒரு மரியாதை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர் விளம்பரத்தோடு முதல் பதிவு வெளியான அன்றே ஒரு வேடிக்கை நடந்தது. என் கட்டுரைக்கு அவரிடமிருந்து நம்பர் போட்டு ‘கமெண்ட்ஸ்’ வந்தது. ஒன்று – டைட்டில் கொஞ்சம் டார்க். இரண்டு – மூன்றாவது பாரா லென்த் அதிகம், குறைக்கவும். மூன்று – மற்றவை ஓகே.

பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இது உடனே புரிந்துவிடும். ஒரு டீ ஷர்ட்டைச் சாம்பிள் தைத்து அனுப்பினால் பையர் இப்படித்தான் நம்பர் போட்டுத் திருத்தம் அனுப்புவார். கலர் துளி மாறினாலும் சாம்பிள் திரும்பி வரும். அவர் அப்ரூவல் கொடுக்காமல் இங்கே ஒரு மெஷின் ஓடாது. வருடக்கணக்காக இந்தத் திருத்தங்களை வாங்கி வாங்கி, நம்மாளுக்கு எதைப் பார்த்தாலும் சாம்பிளாகத் தெரிய ஆரம்பித்திருக்கிறது. விளம்பரம் கொடுத்தவர் அவர், ஆகவே பையரும் அவரே! நான் எதையும் மாற்றவில்லை. ஒரு கும்பிடு எமோஜியை அனுப்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தேன். ஒவ்வொரு பதிவுக்கும் அவர் கமெண்ட்ஸ் அனுப்புவார், நான் கும்பிடு அனுப்புவேன். சமாதானமாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

மகேஸ்வரியின் வாய்ஸ் மெசேஜ் வரும் வரைக்கும்.

மகேஸ்வரி என் வாசகி. ஓவர்லாக் டெய்லர், அதாவது துணி ஓரம் பிரியாமல் அடிக்கிறவள். பல்லடத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம். கம்பெனி வேன் அவள் வீட்டு முக்கு வரைக்கும் வரும். மகள் டியூஷன் முடித்து வருவதற்குள் இவள் வீட்டில் இருக்கலாம். அந்த வேனுக்காகவே அந்தக் கம்பெனியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எங்க கம்பெனில பாத்ரூம் போறதுக்கு ஒரு டோக்கன் வெச்சுட்டாங்க. நீலக் கலர்ல ஒரு அட்டை. லைனுக்கு ஒண்ணே ஒண்ணுதானுங்க்கா. சூப்பர்வைசர் டேபிள்ல கெடக்கும். ஒருத்தி எடுத்துட்டுப் போனா அவ திரும்பி வர்ற வரைக்கும் வேற யாரும் போகக் கூடாது. நானெல்லாம் காத்தால இருந்து தண்ணியே குடிக்கறதில்லீங்க்கா..."

ஒரு லைனில் எத்தனை பெண்கள் உட்கார்ந்து தைக்கிறார்கள் தெரியுமா? அத்தனை பேருக்கும் ஒரு அட்டை. மாதத்தில் அந்த மூன்று நாட்கள் என்ன செய்வார்கள்? கர்ப்பிணிகள் என்ன செய்வார்கள்? தண்ணீர் குடிக்காமல் கிடந்து, நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால் லீவ் போட்டதற்குத் தனியாகத் திட்டு.

இத்தனைக்கும் இது எப்படிப்பட்ட தொழில்? தைக்கும்போது ஒரு ஊசி உடைந்தால் மெஷினை நிறுத்திவிட்டு எல்லோரும் தரையில் குனிந்து தேடுவார்கள். உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்கி நோட்டில் ஒட்டி வைத்த பிறகுதான் புது ஊசி கிடைக்கும். குழந்தைகள் போடும் துணியில் ஊசித் துண்டு போய்விடக் கூடாது அல்லவா? நல்ல விஷயம்தான். ஊசிக்கு இருக்கிற கவனிப்பு தைக்கிறவளுக்குக் கிடையாதா?

ஆடிட் என்ற பெயரில் வெளியிலிருந்து ஆட்கள் வந்து சோதிப்பதும் உண்டு. அன்றைக்கு மட்டும் பாத்ரூமில் புது சோப்பு இருக்கும், கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கும். டோக்கன் இருக்காது. நான் பார்க்காததா?

மகேஸ்வரி வேலை செய்வது என் ஸ்பான்சரின் கம்பெனியில்தான். எனக்கு அது நன்றாகவே தெரியும். எழுதாமல் இருந்துவிடலாமா என்று கூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் அவள் தண்ணீர் குடிக்காமல் தைத்துக்கொண்டிருக்க, நான் தண்ணீர் வரும் நாளைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதா? எழுதிவிட்டேன். கம்பெனி பெயர் போடவில்லை. மகேஸ்வரியின் ஊர், அவள் மெஷின் எல்லாவற்றையும் மாற்றினேன். நீல அட்டையைச் சிவப்பாக்கினேன். யாரும் அவள் வரைக்கும் போய்விடக் கூடாது, அது ஒன்றுதான் என் கவலை.

பதிவு வெளியானதும் முன்பின் தெரியாத சில முதலாளிகள் போன் செய்தார்கள். "எங்க கம்பெனியத்தானுங்க எழுதியிருக்கீங்க?" நான் யாரையுமே சொல்லவில்லையே! இத்தனை பேருக்கு ஏன் உறுத்துகிறது?

மறுநாள் காலையில்தான் ஸ்பான்சர் கூப்பிட்டார். டோக்கன் சிவப்பு இல்லையாம். நீலமாம்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெண்களைப் பாத்ரூமுக்கு விடாமல் உட்கார வைப்பது அநியாயம் என்று எழுதியிருக்கிறேன். அதை முதலிலிருந்து கடைசி வரைக்கும் படித்தவர் கண்ணில் பட்ட ஒரே குறை... கலர் மிஸ்டேக்!

"நீலம்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?" என்று கேட்டேன்.

அந்தப் பக்கம் யாரையோ கதவைச் சாத்தச் சொன்னார். மெஷின் சத்தம் அடங்கியது. வாயை விட்டுவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். திரும்பப் பேசியபோது குரல் இன்னும் குழைந்திருந்தது.

"கோவிச்சுக்காதீங்க அம்மிணி. யாருங்க உங்களுக்குச் சொன்னது?"

"அதைச் சொல்ல மாட்டேனுங்க."

"சும்மா தெரிஞ்சுக்கலாமுன்னுதானுங்க. ஒண்ணும் பண்ண மாட்டனுங்க."

"ஒண்ணும் பண்ண மாட்டீங்கன்னா தெரிஞ்சு என்னங்க ஆகப்போகுது?"

"சரி, உடுங்க. வருசம் பூராவும் அந்த எடத்த நானே எடுத்துக்கறேன். எங்க ஆளுக அத்தன பேரையும் உங்களுத சப்ஸ்கிரைப் பண்ணச் சொல்லீர்றேன். ஒரே நாள்ல பண்ணீருவாங்க. பேர மட்டும் சொல்லீருங்க."

வாசகர்களை மொத்த ஆர்டரில் சப்ளை செய்கிறாராம்! ஒருத்தியைப் பிடித்துக் கொடுத்தால் மீதி எல்லோரும் எனக்கு இலவசம்! எனக்கு வந்ததே ஆத்திரம்...

"மொதல்ல அவங்களைப் பாத்ரூம் போக விடுங்க. எதைப் படிக்கணும்னு அவங்களே பாத்துக்குவாங்க!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது.

"அப்பச் சரீங்க அம்மிணி. விளம்பரத்த எடுத்துருங்க. வெச்சர்றேனுங்க" என்றார். கடைசி வரைக்கும் அந்த ‘ங்க’ மாறவில்லை. எங்கள் ஊரில் கழுத்தை அறுத்தாலும் மரியாதையாகத்தான் அறுப்பார்கள்.

அன்று மதியத்திலிருந்து அன்சப்ஸ்கிரைப் வர ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு, பிறகு கொத்துக் கொத்தாக. கம்பெனி கேட்டில் செல்போனைத் திறந்து காட்டச் சொல்கிறார்கள் என்று ஒரு செக்கிங் பெண் செய்தி அனுப்பினாள். அனுப்பிவிட்டு அவளும் போய்விட்டாள். வாசகர்களைத் தக்க வைப்பது எப்படி என்று இன்டர்நெட்டில் ஆயிரம் பேர் பாடம் நடத்துகிறார்கள். தலைப்பைக் கவர்ச்சியாக வை, நேரம் பார்த்துப் போடு... பயந்துபோய் விலகுகிற வாசகியை எப்படித் தக்க வைப்பது? அதற்கு ஒருத்தராவது வழி சொல்லட்டும்.

அவர்கள் விலகியதில் எனக்குத் துளி வருத்தம் இல்லை. விலக வைத்தவர் மேல்தான் கொலைவெறி.

மறுநாள் மாலை மகேஸ்வரியே போன் செய்தாள். டவுன் பஸ் இரைச்சல் கேட்டது.

"அக்கா, நாந்தான்னு சொல்லிட்டேனுங்க்கா."

"ஏன் மகேஸ்வரி? நான் யார்கிட்டயும் உன் பேரைச் சொல்லலையே!"

"தெரியுமுங்க்கா. இன்னிக்குக் காத்தால டோக்கனையும் எடுத்துட்டாங்க. வெளியில சொன்னது யாருன்னு தெரியற வரைக்கும், சோத்துக்கு உடறப்பத் தவிர ஒருத்தியும் எந்திரிக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. பக்கத்து மெஷின்ல ஒரு புள்ள மாசமா இருக்கறாளுங்க்கா. கண்ணுல தண்ணி நிக்குது, வாயத் தொறக்க மாட்டேங்கறா. அதையப் பாத்துட்டு எப்படிங்க்கா உக்காந்து தெக்கறது?"

மகேஸ்வரி மெஷினை நிறுத்திவிட்டு எழுந்திருக்கிறாள். "நாந்தானுங்க சொன்னேன், அவங்களைப் போக உடுங்க" என்று லைன் முழுக்கக் கேட்கும்படி சொல்லியிருக்கிறாள். இவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். நீல அட்டை மறுபடியும் டேபிளுக்கு வந்தது. அது வந்ததே பெரிய சலுகை என்று மற்றவர்கள் நினைத்துக்கொள்ள வேண்டுமாம்! மகேஸ்வரியை வேனிலும் ஏற்றவில்லை. தினமும் கொண்டுபோய் விடுகிற ஆளை இன்னும் ஒரு நாள் ஏற்றினால் வேன் உடைந்தா போய்விடும்?

"தெரிஞ்ச கம்பெனி ரெண்டு மூணு இருக்கு, சொல்லி உனக்கு வேலை வாங்கித் தரட்டுமா?" என்றேன்.

"அதெல்லாம் வேண்டாமுங்க்கா. திருப்பூர்ல டெய்லருக்கா வேல இல்ல? உங்க பிளாக்குல மேல அந்த எடம் காலியாத்தான கெடக்குது? அதுல எனக்கொரு விளம்பரம் போட்டுக் குடுங்க."

அவள் சொல்லச் சொல்ல டைப் செய்தேன். பெயர் மட்டும் வேண்டாமே என்று கெஞ்சினேன். "விளம்பரம்னா பேர் போடோணுமுங்க்கா. அப்பறம் யாருன்னு கூப்புடுவாங்க?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். இந்தப் பத்தியிலும் அவள் சொல்லித்தான் பெயரைப் போட்டிருக்கிறேன்.

‘கம்பெனி தேவை. ஓவர்லாக் நன்றாகத் தைப்பேன். பல்லடம் பக்கம் வேன் வர வேண்டும். தண்ணீர் குடிப்பேன், பாத்ரூம் போவேன். டோக்கன் வைத்திருப்பவர்கள் கூப்பிட வேண்டாம். – மகேஸ்வரி.’

என் பிளாக்கில் இதுவரை வந்த விளம்பரங்களில் இந்த அளவுக்குச் சுற்றியது வேறு எதுவும் இல்லை. விலகிப் போனவர்களே அதை ஃபார்வர்ட் செய்திருக்கிறார்கள். டெய்லர் கிடைக்காமல் தவிக்கிற கம்பெனிகள் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கின்றன. கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் அவளும் போகிறாள். சம்பளம் பேச ஆபீஸ் ரூமில் உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. நேராகப் போய் பாத்ரூமைத்தான் பார்க்கிறாள்.

பார்த்துவிட்டு வந்து, "சொல்லி அனுப்பறேனுங்க" என்கிறாளாம்.