கிடாரத்தில் இருந்த காரீயம்

முல்லைத்தீவில் கடற்தொழில் செய்யும் கிறிஸ்தோப்பரின் மூத்த மகள் ஜெயரூபினி. இரசாயனம் படித்துப் பட்டம் பெற்றும் வேலை கிடைக்காமல் இருந்தவளை, மாங்குளத்தில் பழைய அலுமினியத்தை உருக்கிப் பாத்திரம் வார்க்கும் தில்லைநாதன் கூப்பிட்டார். அவருடைய பட்டறைக்குப் புதிதாக ஒரு நிறமாலைமானி வந்திருந்தது. அதை இயக்க ஆள் தேவைப்பட்டது.

முன்பெல்லாம் உலோகத் துண்டைக் கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் கிழமைக்கணக்கில் காத்திருப்பார்கள். பதில் வருவதற்குள் பாத்திரங்கள் விற்றுப்போயிருக்கும். இப்போது உருகிய அலுமினியத்தில் ஒரு கரண்டி அள்ளி, வில்லையாக ஆறவிட்டு, மேற்பரப்பைத் தேய்த்து வைத்தால் போதும். ஆகன் வாயு சீற, மின்பொறி ஒன்று வெட்டும். அந்தச் சூட்டில் ஒவ்வொரு தனிமமும் தனக்கே உரிய நிறத்தில் ஒளிவிடும். இயந்திரம் அதைப் பிரித்துப் பார்த்து, எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லிவிடும். ஜெயரூபினிக்கு அந்த வேலை நன்றாகப் பிடித்துக்கொண்டது.

ஒருநாள் ஆகன் தீர்ந்துபோனது. அன்றைய வில்லையைச் சோதிக்காமலே பாத்திரங்களை வார்த்தார்கள். மறுநாள் வாயு வந்ததும், உலையில் உருகிக்கொண்டிருந்த புதிய உலோகத்தைத்தான் முதலில் சோதித்தாள். திரையில் காரீயத்தின் அளவு எகிறி நின்றது. இயந்திரம் பிழைவிட்டதோ என்று, அளவு தெரிந்த வில்லை ஒன்றை வைத்துப் பார்த்தாள். அது சரியாகவே காட்டியது.

உலையடிக்கு ஓடினாள்.

"ஐயா, வார்க்காதேங்கோ! காரீயம் கலந்திருக்கு."

தில்லைநாதன் கையைத் தூக்கி வேலையை நிறுத்தினார். "எப்படிப் பிள்ளை வந்தது?"

முற்றத்தில் மிஞ்சியிருந்த சாக்குகளை அவிழ்த்துக் கொட்டினார்கள். நசுக்கிய பழைய சட்டிகளுக்குள் கிழிந்த வலைகள் திணிபட்டுக் கிடந்தன. வலையின் ஓரமெல்லாம் காரீயக் குண்டுகள். வலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்த அவளுடைய அப்பா கட்டுகிற அதே குண்டுகள். கரையோரத்தில் இருந்து வந்த சாக்குகளை ஒருவரும் பிரித்துப் பார்க்காமல் உலையில் போட்டிருந்தார்கள்.

அவள் மீண்டும் இயந்திரத்தடிக்குப் போனாள். முதல்நாள் சோதிக்காமல் விட்ட வில்லையை எடுத்துச் சோதித்தாள். அதிலும் காரீயம். அன்று வார்த்த பாத்திரங்கள் மினுக்குவதற்காகப் பட்டறையிலேயே இருந்தன, ஒரு பெரிய சமையல் கிடாரத்தைத் தவிர. புளியங்குளத்தில் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கும் சிவனேஸ்வரி அவசரம் என்று அதைக் காலையில்தான் எடுத்துப் போயிருந்தார்.

தில்லைநாதன் தன் வான் வண்டியை எடுத்தார். இருவரும் போய்ச் சேர்ந்தபோது புதுக் கிடாரம் அடுப்பில் இருந்தது. உள்ளே பருப்பு கொதித்தது.

"அன்ரி, அதை இறக்குங்கோ. ஒருத்தருக்கும் குடுக்க வேண்டாம்."

"என்ன பிள்ளை, வித்த சாமானைத் திருப்பிக் கேக்கிறியள்?"

"உலோகத்தில ஈயம் கலந்துபோச்சு அன்ரி."

"அந்தக் காலத்தில ஈயம் பூசின பாத்திரத்திலதானே எல்லாரும் சமைச்சவை?"

"அது வெள்ளீயம். இது காரீயம். கொஞ்சம் கொஞ்சமா உடம்பில சேரும். சின்னப் பிள்ளையளுக்குக் கூடாது."

சிவனேஸ்வரி திரும்பிப் பார்த்தார். கடை வாசலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சோற்றுப் பார்சலுக்கு நின்றார்கள். அவர் கிடாரத்தை இறக்கிப் பருப்பைக் குப்பைக் கிடங்கில் கொட்டினார். தில்லைநாதன் மன்னிப்புக் கேட்டு, வேறு கிடாரம் வார்த்துத் தருவதாகச் சொன்னார். திரும்பும் வழியில் அவர், "இனி உன்ர வில்லை சரியெண்டாத்தான் அச்சில ஊத்துறது" என்றார். ஜெயரூபினி தலையாட்டினாள். நல்ல களைப்பு, ஆனால் மனம் லேசாக இருந்தது.

கெட்டுப்போன உலோகத்தைக் கட்டிகளாக்கிச் சிவப்புப் பூசி ஒதுக்கினார்கள். சாக்குகளைப் பிரித்துப் பார்ப்பதற்கென்று தனியாக ஒரு கொட்டகை போட்டார்கள்.

அடுத்த கிழமை பட்டறை வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. சிவனேஸ்வரி தன் கடையின் பழைய சட்டிகள் எல்லாவற்றையும் ஏற்றி வந்திருந்தார்.

"இதுகளையும் ஒருக்கா பாரம்மா."

ஜெயரூபினி ஒவ்வொன்றின் அடியையும் தேய்த்துப் பொறி வெட்டினாள். எல்லாமே நல்ல சட்டிகள். ஒவ்வொரு அடியிலும் சின்னதாக ஒரு கறுத்த புள்ளி விழுந்திருந்தது. சிவனேஸ்வரி ஒரு சட்டியைக் கவிழ்த்துப் பார்த்துச் சிரித்தார்.

"கண்ணூறு படாமல் பொட்டு வைச்சு விட்டிருக்கிறாய். வா, சோறு கொண்டந்தனான், சாப்பிடுவம்."