அப்பாவின் காதுக்கு ஒரு பரீட்சை

வீட்டில் ஹோம் தியேட்டர் மாட்ட வந்த தம்பி, சோதனைக்கென்று ஸ்பீக்கரில் ‘ஸ்ஸ்’ என்று ஒரு இரைச்சலை மெல்ல விட்டார். எனக்குப் பள்ளிக்கூட நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்போது எடப்பாடி தியேட்டரில் அப்பா ஆபரேட்டர். பக்கத்துத் தறிச் சத்தத்தை மீறி வசனம் கேட்க வேண்டுமென்று சவுண்டைக் கூட்டிக் கூட்டியே அவர் காது மந்தமாகியிருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

புது டிஜிட்டல் சவுண்டுக்குத் தரச்சான்று தர, மீட்டரோடு ஒருவர் வந்தார். தறிகளை நிறுத்தச் சொல்லிவிட்டு, இதே இரைச்சலை ஒவ்வொரு ஸ்பீக்கர் பாக்ஸிலும் விட்டு, “கேக்குதா?” என்றார். பாக்ஸ் செத்தால் ஆபரேட்டர் கண்டுபிடிக்க வேண்டுமாம். மீட்டர்காரர் முதுகுக்குப் பின்னால், அப்பாவின் கண்ணில் படும்படி நின்று, சத்தம் வரும்போதெல்லாம் ஜடையைத் தொட்டேன்.

“கேக்குதுங்க” என்றார் அப்பா.

கடைசி பாக்ஸில் மீட்டர்காரர் சட்டென்று திரும்பினார். என் கை ஜடையிலேயே விறைத்தது. என் ஜடையைப் பார்த்தவர், சான்றில் கையெழுத்துப் போட்டார்.

“கேக்குதுங்களா ஐயா?” என்று இப்போது கேட்டார் ஸ்பீக்கர் தம்பி.

சோபாவிலிருந்த அப்பா என் கையைப் பார்த்தார்.