தண்ணீர் ஊற்றாத பூசணி

அந்த வெள்ளத்தில் கிணறெல்லாம் சேறாகிவிட, தோட்டத்துத் துரை திறந்துவிட்ட ரப்பர் ஸ்டோரில் ஒதுங்கினோம். குடிதண்ணீர் தேடிப் போன என் கணவர் திரும்பவில்லை. பிள்ளைகள் பசியில் அழுதார்கள். நான் வாசலுக்கும் அடுப்புக்குமாக அலைந்தேன்.

எங்களோடு ஒதுங்கியிருந்த, முன்பின் தெரியாத சிங்களப் பெண் ஒருத்தி, தன் பூசணிக்காயை அரிந்து உப்புத் தூவிச் சட்டியை மூடினாள்.

“தண்ணியில்லாம கருகிடாதுங்களா?” என்றேன்.

“வத்துர எப்பா, தண்ணி வேணாம். உப்பு போட்டா காயே தண்ணி வுடும். பொறுங்க.”

எனக்கு எங்கே பொறுமை! மூடியைத் திறந்தேன். காய் விட்ட தண்ணீரிலேயே துண்டுகள் வெந்துகொண்டிருந்தன.

எல்லோருக்கும் இலையில் வைத்தாள். கடைசியாக ஓர் இலையை மடித்து ஓரமாக வைத்தாள்.

“இது அவருக்கு. வருவாரு.”

இருட்டுவதற்குள் அவர் வந்துவிட்டார். ஆனால் போன உயிர் எனக்குத் திரும்பியது, அந்த மடித்த இலையைப் பார்த்தபோதுதான்.